எந்த போன் வாங்கலாம்? பச்சைமலை ஏறினால் பதில் தெரியும்!

"டேய், ஐபோன் வாங்குனா அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லடா."

"அந்தக் காசுக்கு ரெண்டு ஆண்ட்ராய்டு வாங்கலாம் மாப்ள. பேட்டரியும் ரெண்டு நாள் நிக்கும்."

உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் இந்தச் சண்டை நடந்திருக்கும். எங்கள் குரூப்பில் இது வாரம் ஒருமுறை நடக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரிச் சண்டை முடிந்த மறுநாள்தான், மூன்று பேர் இரண்டு பைக்கில் ஸ்ரீரங்கத்திலிருந்து பச்சைமலைக்குக் கிளம்பினோம். நெம்பர் 1 டோல்கேட், மண்ணச்சநல்லூர், புலிவலம், துறையூர் என்று வழக்கமான பாதை. சோபனாபுரம் தாண்டி மலைப்பாதை தொடங்கும்வரை மூன்று போன்களும் ஒன்றுபோலத்தான் வேலை செய்தன.

வளைவு ஏற ஏற கதை மாறியது. எங்களில் ஒருவனுடைய அம்மாவுக்கு அன்று காலை திருச்சியில் ஸ்கேன். ரிசல்ட் வந்ததும் போன் பண்ணச் சொல்லியிருந்தான். அவன் கையில் இருந்தது எங்கள் மூவரில் விலை அதிகமான போன். டாப் செங்காட்டுப்பட்டி பக்கம் போனபோது அதில் 'நோ சர்வீஸ்' என்று மட்டும் இருந்தது. ஒரு மணி நேரம் பாறை மேல் ஏறினான், இறங்கினான், போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என்னுடைய பழைய பட்ஜெட் போனில் இரண்டு கோடு இருப்பதைப் பார்த்து, அதை வாங்கி அம்மாவுக்குப் பேசினான்.

"பாத்தியா மாப்ள, சல்லிசு போன் ஜெயிச்சிருச்சு" என்றான் மூன்றாமவன். ஆனால் உண்மையில் ஜெயித்தது போன் இல்லை. சும்மா இருக்கும்போது சிம்களைக் கழற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். என் சிம் போனதும் அவனுடைய விலை உயர்ந்த போனில் சிக்னல் வந்தது. அவன் சிம் வந்ததும் என் போன் ஊமையானது.

போன் வாங்கும்போது நாம் கேட்கும் கேள்வி எங்கே தப்பாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கேமரா எத்தனை மெகாபிக்சல், எந்த பிராண்ட் கெத்து என்று கேட்கிறோம். நம் அன்றாடத்தில் அந்த போன் எங்கே திணறும் என்று கேட்பதில்லை. அதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிக்னல்: பிராண்டா, சிம்மா?

முக்கால்வாசி நேரம் சிம்தான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான பச்சைமலை திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஒரு மடிப்பில் டவர் தெரியும், அடுத்த மடிப்பில் மலையே மறைத்துவிடும். உங்கள் நிறுவனத்தின் டவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, அந்த டவர் எந்த அலைவரிசையில் பேசுகிறது? 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும். 1800, 2100, 2300 என்று மேலே போகப் போக வேகத்துக்கு இடம் கூடும், எட்டும் தூரம் குறையும். 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் நகரத்துக்கு ஏற்றது. 700 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 43 செ.மீ. 3500-ல் அது 9 செ.மீ.க்கும் குறைவு. நீளமான அலை தடையைச் சுற்றி வளைந்து வரும், குட்டை அலை அங்கேயே நின்றுவிடும்.

நாடு முழுக்கப் பொதுவாகப் பார்த்தால், ஜியோ 4ஜிக்கு 850, 1800, 2300 ஆகியவற்றையும், 5ஜிக்கு 700, 3500 ஆகியவற்றையும் பயன்படுத்துகிறது. ஏர்டெலும் வி-யும் 900, 1800, 2100 ஆகியவற்றோடு வேறு சிலவும் வைத்திருக்கின்றன. பிஎஸ்என்எல் 4ஜி 700, 2100-ல் ஓடுகிறது. வட்டத்துக்கு வட்டம் இது மாறும்.

இங்கேதான் போனின் பங்கு வருகிறது. டவர் பேசும் அலைவரிசை போனுக்குப் புரிய வேண்டும். போனின் விவரப் பக்கத்தில் 'பேண்ட்' என்று ஒரு பட்டியல் இருக்கும். யாரும் படிக்காத வரி அது. பேண்ட் 5 என்றால் 850, பேண்ட் 8 என்றால் 900, பேண்ட் 28 என்றால் 700. உங்கள் அப்பா ஊரில் பிஎஸ்என்எல் மட்டும்தான் எடுக்கும் என்றால், வாங்கப்போகும் மாடலின் 4ஜி பட்டியலில் 28 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டவர் கண்ணெதிரே நின்றாலும் அந்த அலைவரிசையில் பயன் இல்லை.

இன்னொரு விஷயம். 4ஜி வராத 24,680 கிராமங்களுக்குச் சேவை கொண்டுபோகும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதைச் செயல்படுத்துவது பிஎஸ்என்எல். மலைக் கிராமங்களில் நிலவரம் வருடா வருடம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். போன வருஷம் எடுக்காத சிம் இந்த வருஷம் எடுக்கலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? டிராய் உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் வெளியிடுகின்றன. உங்கள் வீடு, ஆபீஸ், சொந்த ஊர் மூன்றையும் அதில் தேடிப் பாருங்கள். அதைவிட நம்பகமான வழி, அந்த ஊர்க்காரரிடம் "இங்க எந்த சிம் எடுக்குது?" என்று கேட்பது.

ஒரே சிக்னலை ஒரு போன் இன்னொன்றைவிடக் கொஞ்சம் நன்றாகப் பிடிப்பது உண்மைதான். ஆன்டெனா அமைப்பும் மோடமும் மாடலுக்கு மாடல் வேறு. ஆனால் அது கடைசி ஒரு கோட்டுக்கான வித்தியாசம். இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் போட்டுக்கொள்வது அதைவிடப் பெரிய காப்பீடு.

அதற்கு முன் இ-சிம் பற்றி ஒரு வார்த்தை. வசதிதான். ஆனால் நாங்கள் பாறை மேல் உட்கார்ந்து செய்ததுபோல அதைக் கழற்றி அடுத்தவன் போனில் போட முடியாது. வேறு போனுக்கு மாற்றவும் இணையம் வேண்டும். மலை, காடு என்று அடிக்கடி போகிறவர்கள் ஒரு சிம்மையாவது பிளாஸ்டிக் சிம்மாக வைத்திருப்பது நல்லது.

பேட்டரி: எம்ஏஎச் மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது, ஆனால் அதை ஒதுக்கவும் முடியாது. ஐபோன் 16-ல் 3,561 எம்ஏஎச். சாம்சங் கேலக்ஸி எஸ்25-ல் 4,000. ஒன்பிளஸ் 13-ல் 6,000. வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் சிப் எவ்வளவு சிக்கனம், திரை எவ்வளவு பெரிது, பின்னணியில் எத்தனை ஆப் ஓடுகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் சாயங்காலம் எத்தனை சதவீதம் மிஞ்சும் என்று முடிவாகிறது. சின்ன பேட்டரி ஐபோன் நகரத்தில் ஒரு நாளைத் தாங்குவது இதனால்தான்.

மலையில் கணக்கு வேறு. சிக்னல் பலவீனமாக இருக்கும்போது போன் டவரை எட்டக் கூடுதல் சக்தியில் கத்துகிறது. சிக்னலே இல்லாதபோது விடாமல் தேடுகிறது. சும்மா பையில் கிடந்தாலே சார்ஜ் கரையும். அன்று மதியம் எங்கள் மூவரில் குறைந்த சார்ஜ் யாரிடம் இருந்தது தெரியுமா? அதிகம் போட்டோ எடுத்தவனிடம் இல்லை, காலையிலிருந்து 'நோ சர்வீஸ்' காட்டியவனிடம்தான்.

தீர்வு எளிது. சிக்னல் இல்லாத இடம் என்று தெரிந்தால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். கேமராவும் வேலை செய்யும்.

சார்ஜரையும் கவனியுங்கள். ஆப்பிள் 2020-லும், சாம்சங் தன் விலை உயர்ந்த மாடல்களில் 2021-லும் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதை நிறுத்தின. சில பிராண்டுகள் சார்ஜர் தருகின்றன, ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் அதிவேகம் அவர்களுடைய சொந்த சார்ஜரில்தான் கிடைக்கும். ஆபீஸில் எல்லோருடைய சார்ஜரையும் கடன் வாங்குகிறவர் என்றால், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான 'பவர் டெலிவரி' சார்ஜரில் இந்த போன் எவ்வளவு வேகம் ஏறும் என்று கடையில் கேளுங்கள்.

வெயிலும் பைக்கும்

திருச்சி வெயிலை விளக்க வேண்டியதில்லை. கோடையில் 40 டிகிரி செல்சியஸை சாதாரணமாகத் தாண்டும். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி என்று ஆப்பிளே சொல்கிறது. அதற்கு மேல் போனால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். மற்ற பிராண்டுகளும் சூடானால் இதையேதான் செய்யும். மேப் போட்டுக்கொண்டே, சார்ஜும் ஏற்றிக்கொண்டே, வெயிலில் பைக்கில் போவது எந்த போனுக்கும் கடினமான பரீட்சை.

வெயிலில் திரை தெரிய வேண்டுமென்றால் விளம்பரத்தில் வரும் 'பீக் நிட்ஸ்' எண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். அது பெரும்பாலும் திரையின் ஒரு சின்னப் பகுதி, சில வகை வீடியோவில் மட்டும் எட்டும் அளவு. டெமோ போனைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மதியம் 12 மணிக்கு சிங்காரத்தோப்புக் கடைத்தெருவில் இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது.

ஹேண்டில்பாரில் போன் மாட்டுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அதிக சக்தியுள்ள பைக் இன்ஜினின் அதிர்வு, கேமராவில் படம் அசையாமல் பிடிக்கும் பாகத்தைப் பாதிக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் அறிவித்தது. அந்தத் தொழில்நுட்பம் பல பிராண்டுகளிலும் இருக்கிறது. மாட்டியே ஆக வேண்டும் என்றால் அதிர்வைத் தாங்கும் ஹோல்டர் வாங்குங்கள்.

வழி தெரியாமல் போனால்?

"நெட் இல்லன்னா ஜிபிஎஸ் எடுக்காதுல்ல?" என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, சிம்மே தேவையில்லை. இணையம் இருந்தால் முதல் தடவை இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். இணையம் இல்லாதபோது வராதது வரைபடம். எனவே கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் துறையூர், உப்பிலியபுரம், பச்சைமலைப் பகுதியை கூகுள் மேப்ஸில் ஆஃப்லைனாக இறக்கி வையுங்கள். அதில் வண்டிப் பாதை காட்டும், நடைபாதை வழிகாட்டல் கிடைக்காது. மங்களம் அருவிக்கு நடக்கும்போது உள்ளூர்க்காரர் துணைதான் நல்லது.

இஸ்ரோவின் நாவிக் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. ஐபோன் 15 புரோ அதோடு வந்தது. கூடுதல் செயற்கைக்கோள்கள் என்பதால் நல்லதுதான். ஆனால் அது இல்லை என்பதற்காக ஒரு நல்ல போனை ஒதுக்க வேண்டாம்.

'டவர் இல்லாவிட்டாலும் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கலாம்' என்ற ஐபோன் விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வசதி இந்தியாவில் இன்னும் வரவில்லை. அதை நம்பி காசு கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட் போன் கொண்டுவந்து அனுமதி இல்லாமல் பயன்படுத்துவது இங்கே சட்டப்படி குற்றம். அவசரத்துக்கு 112 அழையுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அழைப்பு போக வாய்ப்பு உண்டு. எனவே 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று திரையில் பார்த்தால் முயற்சியைக் கைவிடாதீர்கள்.

தண்ணீரில் விழுந்தால்?

ஐபி68, ஐபி64 என்று எழுதியிருப்பதில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. இரண்டாவது எண் 4 என்றால் தெறிக்கும் நீர், அதாவது மழைச்சாரல் வரை. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. ஆழமும் நேரமும் நிறுவனமே சொல்ல வேண்டும். இவையெல்லாம் புதுப் போனை ஆய்வுக்கூடத்தில் நல்ல தண்ணீரில் சோதித்த முடிவுகள். ஒருமுறை கீழே விழுந்து, திரை மாற்றிய போனுக்கு அந்த உத்தரவாதம் அப்படியே இருக்காது. தண்ணீர் புகுந்து கெட்டால் சாதாரண வாரண்டியும் பொதுவாகக் கிடைக்காது. ஐபி68 போன் வைத்திருப்பவரும் அருவிக்குப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் இல்லை.

விலையை வருஷத்தால் வகுத்துப் பாருங்கள்

15,000 ரூபாய் போன் இரண்டு வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 7,500. 45,000 ரூபாய் போன் ஆறு வருஷம் ஓடினாலும் அதே 7,500. 30,000 ரூபாய் போனை மூன்று வருஷத்தில் மாற்றினால் 10,000. ஆக, விலை குறைவு என்பதும் விலை அதிகம் என்பதும் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் எண்ணில் இல்லை.

எத்தனை வருஷம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, மென்பொருள் அப்டேட். கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷம் என்று அறிவித்தார்கள். பட்ஜெட் வரிசையில் வந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருஷம். ஆப்பிள் 2018-ல் விற்ற ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024-ல் வந்த ஐஓஎஸ் 18-உம் கிடைத்தது. மற்ற பல பட்ஜெட் மாடல்களில் இது இரண்டு, மூன்று, நான்கு என்று மாறும். ஒரே பிராண்டுக்குள்ளேயே மாறும். எனவே பிராண்டைக் கேட்காமல் மாடலைக் கேளுங்கள். பாதுகாப்பு அப்டேட் நின்ற போனில் வங்கி ஆப்பும் யுபிஐயும் வைத்திருப்பது ஆபத்து.

இரண்டாவது, சர்வீஸ். திரை உடைந்தால் என்ன ஆகும்? திருச்சியில் இருப்பவருக்கு அது ஒரு மதியம். பச்சைமலையில் இருப்பவருக்கு பஸ் பிடித்து துறையூர் வந்து, அங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வந்து, திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். பாகம் இல்லை என்று சொன்னால் இரண்டு நாள். வாங்கும் முன்பே அந்த பிராண்டின் இணையதளத்தில் திருச்சியில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, அந்த மாடலின் திரைக்கும் பேட்டரிக்கும் என்ன விலை என்று பாருங்கள். பழுது பார்ப்பது பற்றிய தகவலை ஒரே இடத்தில் தர மத்திய அரசு 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்ற இணையதளத்தையும் தொடங்கியது. சில போன்களில் திரை விலை, போன் விலையில் பாதியை நெருங்கும். அதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, உடைந்த பிறகு தெரிந்துகொள்வது வேறு.

அப்பா, அம்மாவுக்கு வாங்கும்போது

நமக்குப் பிடித்த போனை அவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதுதான் நாம் அடிக்கடி செய்யும் தப்பு. மரவள்ளிக் காட்டில் நிற்கிற அப்பாவுக்கு வேண்டியது சத்தமான ஸ்பீக்கர், பெரிய எழுத்து, இரண்டு நாள் நிற்கும் பேட்டரி, ஈரக் கையிலும் திறக்கும் பூட்டு. கூடவே எஃப்எம் ரேடியோ இருந்தால் நல்லது. வயர் இயர்போன்தான் அதற்கு ஆன்டெனா, நெட் செலவே கிடையாது. போன்களில் எஃப்எம் வசதியை முடக்க வேண்டாம் என்று 2023-ல் மத்திய அரசும் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. புயல், மழை நேரத்தில் டவர் விழுந்தாலும் வானொலி பேசும்.

காசு கொடுக்கும் முன்

பில் கட்டாயம் வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, அது திருட்டு போனா என்று சரிபாருங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். அல்லது ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால், மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி இதிலும் உண்டா, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டையும் கூட்டினால்தான் 'நோ காஸ்ட்' எவ்வளவு காஸ்ட் என்று தெரியும்.

பிறகு ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். என் போன் ஒரு நாளில் அதிகம் செய்யும் வேலை என்ன? அது திணறினால் எனக்கு அதிகம் நஷ்டம் தரும் இடம் எது? கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோவேன்? இந்த மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு மிஞ்சும் மாடல்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதில் உங்களுக்குப் பிடித்த நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள்!

எங்கள் கதைக்கு வருவோம். அம்மாவின் ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை. அதைப் போனில் கேட்ட பிறகுதான் அவன் சாப்பிட உட்கார்ந்தான். அந்த மாதம் தன் போனைக் கொடுத்துவிட்டு வேறு பிராண்டுக்கு மாறுவதாக இருந்தவன், ஊர் திரும்பியதும் அதைத் தள்ளிப்போட்டான். இரண்டாவது சிம் இடத்தில் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டுக்கொண்டான். குரூப்பில் சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. ஆனால் இப்போது யாராவது "எந்த போன்டா வாங்கலாம்?" என்று கேட்டால், அவன் முதலில் திருப்பிக் கேட்பது, "உங்க ஊர்ல எந்த சிம் எடுக்கும்?"